சொந்தமாகச் செய்யச் சொல்லும் எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஹம்பக்கர் தேர்ந்தெடுப்பது எப்படி?

“தம்பி, என்ன பிக்கப்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் பலகையில கை வைப்பேன்.” எனக்குக் கிட்டார் செய்து தந்தவர் முதல் நாளே இப்படிச் சொன்னார். மரம், நிறம், நெக்கின் தடிமன் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் யோசித்து வைத்திருந்தேன். தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்; ஹம்பக்கர் என்பது பிக்கப்பில் ஒரு வகை. குழியின் இடம், ஆழம், பின்பக்கம் பேட்டரிக்கு அறை வேண்டுமா என்பதெல்லாம் பிக்கப்பைப் பொறுத்தது. வெட்டிய மரத்தை ஒட்ட முடியாது. அவர் சொன்னது சரி.

அதற்கு முந்தைய கிட்டாரில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். விவரக்குறிப்பில் மின்தடை 16 கிலோ ஓம் என்று பார்த்ததும் ‘பெரிய எண், பெரிய சத்தம்’ என்று எண்ணி நெக் (கழுத்துப் பக்கம்), பிரிட்ஜ் (தந்திகள் உடலில் வந்து முடியும் பக்கம்) இரண்டிலும் அதே வகையை மாட்டினேன். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனில் பிரிட்ஜ் நன்றாகவே இருந்தது. நெக்குக்கு மாறி சுத்தமான ஒலியில் ஒரு கார்டு வாசித்தால் ஆறு தந்தியும் ஒன்றாகக் குழைந்து, தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. இரண்டு வருடம் அந்த நெக் பிக்கப்பைத் தொடவேயில்லை. இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதைத்தான்: சத்தத்தின் அளவை ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) பார்த்துக்கொள்ளும். பிக்கப்பைத் தெளிவுக்காகத் தேர்ந்தெடுங்கள், இரண்டையும் ஜோடியாகத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

ஒரு காந்தம், அதன் மேல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு காயில் (கம்பிச் சுருள்). ஒரு காயிலுக்கு நடுவே ஆறு திருகுகள், மற்றதில் ஆறு இரும்புக் குச்சிகள். காந்தத்தின் வடமுனை ஒரு வரிசையைத் தொடும், தென்முனை மற்றதைத் தொடும். இரண்டு காயில்களும் எதிரெதிர் திசையில் இணைக்கப்பட்டிருக்கும். சுவரிலுள்ள மின்கம்பியிலிருந்தும் டிரான்ஸ்பார்மரிலிருந்தும் வரும் இரைச்சல் இரண்டு காயிலிலும் ஒரேபோல் ஏறும், இணைப்பு எதிர்த்திசை என்பதால் ஒன்றையொன்று அழித்துவிடும். தந்தியின் அதிர்வு அப்படி அழியாது. காந்த முனையும் மாறியிருப்பதால் இரண்டு தலைகீழ் சேர்ந்து நேராகி, ஒலி கூடிவிடும். கும்மென்ற அந்த ‘ஹம்’மை எதிர்த்து நிற்பதால்தான் ஹம்பக்கர் என்று பெயர்.

அமெரிக்காவின் கலமசூ நகரில் கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் 1955ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், கிடைத்தது 1959ல். இடைப்பட்ட காலத்தில் பிக்கப்பின் அடியில் ‘பேட்டன்ட் அப்ளைட் ஃபார்’ என்று ஒட்டினார்கள். அதன் சுருக்கமே இன்றும் எல்லாரும் சொல்லும் பி.ஏ.எஃப். 1957 முதல் லெஸ் பால் கிட்டார்களில் வந்தவை இவைதான். ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்கக் கம்பி அளவு முறை) 42 கம்பி, காயிலுக்குச் சுமார் 5,000 சுற்று, கையில் கிடைத்த அல்னிகோ காந்தம் என்று செய்ததால், ஒன்று 7 கிலோ ஓம் காட்டும், இன்னொன்று 9 காட்டும். இன்று சந்தையில் உள்ள ஹம்பக்கர்களில் பெரும்பகுதி இதைப் பின்பற்றியோ இதிலிருந்து விலகியோ செய்யப்பட்டவை. அதனால் பி.ஏ.எஃப்.பை மைல்கல்லாக வைத்துக்கொண்டால் மற்ற எதையும் அளந்துவிடலாம்.

முதல் படி: ஆம்ப் இல்லாமல் கேளுங்கள்

புதிதாகச் செய்யும் கிட்டாரை முன்கூட்டிக் கேட்க முடியாது. ஆனால் அதே மரம், அதே ஸ்கேல் நீளம் (தந்தி அதிரும் நீளம்), அதே வகை பிரிட்ஜ் உள்ள கிட்டார் ஒன்று செய்பவரிடமோ நண்பரிடமோ இருக்கும். அதை எதிலும் சொருகாமல் மடியில் வைத்து, உடலின் மேல்கொம்பில் காதை ஒட்டிவைத்து, ஈ தந்தியைத் தட்டிப் பாருங்கள். ஒலி பளிச்சென்று கிளம்பிச் சீக்கிரம் அடங்குகிறதா, மெதுவாக எழுந்து நீளுகிறதா? 25.5 அங்குல ஸ்கேலில் தந்தி இறுக்கமாக நிற்கும், அடிநாதம் கட்டுக்கோப்பாக இருக்கும். 24.75ல் கொஞ்சம் தளர்ந்து, குரல் உருண்டையாகும். பளிச்சென்ற கிட்டாருக்கு மேல்நாதத்தைச் சற்று மழுக்கும் பிக்கப், மந்தமான கிட்டாருக்குத் திறந்த பிக்கப் என்று எதிர்ப்பக்கமாகப் போவது எனக்கு இதுவரை கைகொடுத்திருக்கிறது.

அப்புறம் ஒரு தாளில் இரண்டே கேள்விக்குப் பதில் எழுதுங்கள். நூறு நிமிடம் வாசித்தால் அதில் எத்தனை நிமிடம் சுத்தமான ஒலி? எந்தச் சுருதிக்குத் தந்தியை இறக்குவீர்கள்? முதல் பதில் பாதிக்கு மேல் போனால், உங்கள் இடம் பி.ஏ.எஃப். பக்கம். டிராப் சி, டிராப் பி என்று இறங்குபவர்களுக்கு அடிநாதம் சொதசொதவென்று ஆகாமல் இருப்பதே முக்கியம்.

இரண்டாம் படி: விவரக்குறிப்பைப் படிப்பது

கிலோ ஓம் எண்ணைத்தான் எல்லாரும் முதலில் பார்க்கிறோம். மோட்டார் காயில் கட்டும் கடையில் போய்க் கேட்டால் அங்கே இருப்பவர் உடனே சொல்லிவிடுவார், கம்பி மெலிந்தால் தடை ஏறும் என்று. பிக்கப்பிலும் அதே எனாமல் கம்பிதான், தலைமுடி அளவுக்கு மெல்லியது. 42ஆம் எண் கம்பியின் தடிமன் சுமார் 0.063 மி.மீ., 44ஆம் எண் சுமார் 0.05 மி.மீ. அதே நீளக் கம்பிக்கு 44ல் தடை ஏறக்குறைய 1.6 மடங்கு. ஆக, 42ல் கட்டிய 8 கிலோ ஓம் பிக்கப்பை அதே நீளத்துக்கு 44ல் கட்டினாலே 13க்குப் பக்கத்தில் போய் நிற்கும், சுற்று ஒன்றுகூடக் கூடாமல்! பிக்கப் நிறுவனமான சீமோர் டங்கனின் ஜேபி மாடல் 16 கிலோ ஓமைத் தாண்டுவதற்கு 44ஆம் எண் கம்பி ஒரு பெரிய காரணம். இன்னொரு நிறுவனமான டிமார்சியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் 13.7 அளவில்தான் இருக்கிறது, ஆனால் 1970களின் தொடக்கத்தில் அது வந்தபோது ஆம்பைத் திணறடித்தது. அதன் பலத்தில் நல்ல பங்கு செராமிக் காந்தத்திலிருந்து வருகிறது. எண்ணை மட்டும் வைத்து இந்த இரண்டையும் ஒப்பிட்டால் தப்பாகவே முடியும்.

இன்னொன்று. செம்பின் தடை வெப்பத்தோடு ஏறும், ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம். 20 டிகிரியில் 8.0 என்று அச்சிட்டிருக்கும் பிக்கப், மே மாதச் சென்னையில் 35 டிகிரியில் மல்டிமீட்டரில் சுமார் 8.47 காட்டும். ‘தவறான பொருளை அனுப்பிவிட்டார்கள்’ என்று பதற வேண்டாம்.

கிடைத்தால் இண்டக்டன்ஸ் (காயிலின் மின்தூண்டல்) எண்ணைப் பாருங்கள், ஹென்றியில் தருவார்கள். குரலைப் பற்றி அதிகம் சொல்வது அதுதான். காயிலின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்தேக்குத் திறன்) சேர்ந்து ஓரிடத்தில் ஒலியை மேலே தூக்கும், அதற்கு மேல் உள்ளது சரிந்துவிடும். 6 மீட்டர் கேபிளும் காயிலின் சொந்த அளவும் சேர்ந்து 700 பிக்கோஃபேரட் என்று வைத்துக்கொண்டால், 4.5 ஹென்றி பிக்கப்புக்கு அந்த மேடு 2,800 ஹெர்ட்ஸ் அருகே வரும். 8 ஹென்றி என்றால் 2,100க்கு இறங்கிவிடும். நான் முதலில் சொன்ன தலையணைச் சத்தத்துக்கு முக்கியக் காரணம் இதுதான். நெக் பக்கத்தில் தந்தி ஏற்கெனவே அகலமாக ஆடுகிறது, மேல்நாதம் குறைவு; அங்கே போய் 8 ஹென்றியை வைத்திருந்தேன்.

மூன்றாம் படி: காந்தம்

அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த இரும்பு. எண்ணுக்கு ஏற்பக் குணம் மாறும். அல்னிகோ 2ல் தாக்கம் மென்மையாக இருக்கும், அடிநாதம் தளர்ந்திருக்கும், உச்சநாதம் காதைக் குத்தாது; ப்ளூஸ் வாசிப்பவர்கள் இதைத்தான் தேடிப் போகிறார்கள். அல்னிகோ 5 பலமானது, அடியும் மேலும் துருத்தி நிற்கும், நடுநாதம் சற்றுப் பின்னால் போகும். 4 இரண்டுக்கும் நடுவில். 3 எல்லாவற்றிலும் பலம் குறைந்தது, பளிங்குபோல் தெளிவாக இருக்கும். 8 நடுநாதத்தை முன்னே தள்ளும். செராமிக் மிகப் பலமானது, அடிநாதத்தை இறுக்கிப் பிடிக்கும், பல் கடிப்பதுபோல் ஒரு விளிம்பு வரும்; டிராப் டியூனிங்குக்கு அது வரம்.

காந்தத்தை வைத்தே முழுக் குரலையும் ஊகித்துவிட முடியாது, காயிலும் சேர்ந்துதான் குரல். ஆனால் ஒரு ஆறுதல்: காந்தத்தை மாற்றலாம். அடித்தகட்டின் நான்கு திருகைத் தளர்த்தினால் 6.3 செ.மீ. நீளமுள்ள காந்தப் பட்டை வழுக்கி வெளியே வரும். பழையதை எடுக்கும்முன் வடமுனை எந்தப் பக்கம் என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காயில் அதிராமல் இருக்க மெழுகு ஊற்றிய பிக்கப்பாக இருந்தால் ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கிய பிறகே அசையும். பிக்கப்பே பிடிக்கவில்லை என்று விற்கும்முன் இதைச் செய்து பாருங்கள், செலவு மிகக் குறைவு.

நான்காம் படி: ஜோடி சேர்ப்பது

பிரிட்ஜ் அருகே தந்தி கொஞ்சமாக ஆடும், நெக் அருகே நிறைய ஆடும். ஆகவே நெக்கில் இருப்பது பலம் குறைந்ததாக இருக்க வேண்டும். சீமோர் டங்கனின் 59 மாடலைப் பாருங்கள்: நெக்குக்கு 7.4 கிலோ ஓம் அளவில், பிரிட்ஜுக்கு 8.1 அளவில். ஒரே கம்பி, ஒரே காந்தம் என்பதால் இங்கே எண்ணை ஒப்பிடலாம். பிரிட்ஜில் ஜேபி, நெக்கில் அதே நிறுவனத்தின் ஜாஸ் மாடல் என்ற ஜோடி பல பத்தாண்டுகளாக நிற்பதும் இதனால்தான், ஜாஸ் 7.7 அளவில் இருக்கும் தெளிவான பிக்கப்.

எனக்கு ஒரு கணக்கு உண்டு. முதலில் நெக் பிக்கப்பைத் தேர்ந்தெடுப்பேன், சுத்தமான ஒலியை நினைத்துக்கொண்டு. அப்புறம் பிக்கப் ஸ்விட்சின் நடுநிலையில் அதோடு சேர்ந்து ஒலிக்கக்கூடிய பிரிட்ஜ் பிக்கப்பைத் தேடுவேன். பலரும் தலைகீழாகப் போகிறார்கள், பிரிட்ஜில் காசைக் கொட்டிவிட்டு நெக்குக்கு மிச்சம் மீதி. இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் நடுநிலை ஒரு கிட்டாரின் மிக அழகான குரல் என்பது என் திடமான எண்ணம். பலம் ஏறுக்குமாறாக இருந்தால் அந்தக் குரல் கிடைக்கவே கிடைக்காது, பலமானது மற்றதை விழுங்கிவிடும்.

நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள், அதாவது ஃப்ரெட்கள், 22ஆ 24ஆ என்பதும் இங்கே வருகிறது. 25.5 அங்குல ஸ்கேலில் 22ஆம் ஃப்ரெட்டுக்கும் 24ஆம் ஃப்ரெட்டுக்கும் இடையே சுமார் 20 மி.மீ. அவ்வளவு தூரம் நெக் பிக்கப் பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தாக வேண்டும். ஆழமான அந்த உருண்டைக் குரல் கொஞ்சம் மெலியும். உயரச் சுவரங்கள் உண்மையில் வேண்டுமா என்று யோசித்து முடிவு செய்யுங்கள். 24 என்று முடிவானால் நெக்குக்குச் சற்றுத் தடித்த குரலுள்ள பிக்கப்பைப் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: மரத்தை வெட்டும்முன் அளக்க வேண்டியவை

தந்தி அகலம். ஹம்பக்கரின் முதல் திருகுக்கும் ஆறாவது திருகுக்கும் இடையே கிப்சன் வழக்கத்தில் 49 முதல் 50 மி.மீ.; ஃபெண்டர் வகை பிரிட்ஜுக்கு என்று செய்பவை 51 முதல் 53 மி.மீ. வரை. எந்த பிரிட்ஜ் போடப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்து, பிக்கப் உட்காரும் இடத்தில் இரண்டு ஓரத் தந்திகளின் இடைவெளியைக் கிட்டார் செய்பவரிடம் கேளுங்கள். நெக் பக்கம் தந்திகள் நெருங்கிவிடும், அதனால் அங்கே பெரும்பாலும் 49–50 போதும். ஓரிரு மி.மீ. விலகினால் காதுக்குத் தெரியாது. தந்தியை நிறைய இழுத்து வாசிப்பவர்கள், முக்கியமாக ஆர். பிரசன்னாவைப் போல எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்க விரும்புபவர்கள், திருகுகளுக்குப் பதிலாக நீளமான இரும்புப் பட்டை வைத்த வகையையும் கேட்டுப் பாருங்கள். கமகத்தில் தந்தி எங்கே நகர்ந்தாலும் பட்டை கீழேயே இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிக்கப்பின் கால் நீளமா குட்டையா என்பதைப் பொறுத்துக் குழியின் ஆழம். மேல்பலகை வளைவாக இருந்தால் பிக்கப்பைத் தாங்கும் வளையமும் வளைந்ததாக வேண்டும். வளையம் இல்லாமல் நேராக மரத்தில் திருகுவதானால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

பேட்டரி வைத்த ஆக்டிவ் பிக்கப் வேண்டுமானால், அதை இந்தக் கட்டத்தில்தான் முடிவு செய்தாக வேண்டும். இஎம்ஜி நிறுவனத்தின் 81 மாடல் செராமிக், 85 அல்னிகோ. இரண்டுக்கும் 9 வோல்ட் பேட்டரி ஒன்று, 25 கிலோ ஓம் கன்ட்ரோல்கள். உள்ளேயே சிறிய பெருக்கி இருப்பதால் நீண்ட கேபிளிலும் மேல்நாதம் குறையாது, இரைச்சல் மிகக் குறைவு. மெட்டல் ரிதமுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. விரலின் மென்மைக்கும் வால்யூம் குமிழின் அசைவுக்கும் ஒலி மாறுவதை ரசிப்பவன் நான், ஆகவே பேட்டரி இல்லாத பாஸிவ் பக்கமே நிற்கிறேன்.

ஆறாம் படி: மூடி, மெழுகு

பிக்கப்பின் மேல் வரும் நிக்கல் சில்வர் மூடி ஒலியை ஏறக்குறைய அப்படியே விடும். பித்தளை மூடி மேல்நாதத்தை மழுக்கும், விலை குறைந்த பிக்கப்களில் பார்த்து வாங்குங்கள். பழைய பி.ஏ.எஃப்.களில் மெழுகு கிடையாது. இன்றும் சிலர் அப்படியே செய்கிறார்கள். ஒலியில் காற்றோட்டம் இருக்கும், ஆனால் சிறிய அறையில் ஆம்புக்கு முன்னால் நின்று கெயினை ஏற்றினால் வீலென்று கத்தும். டிஸ்டார்ஷன் வாசிப்பவர் மெழுகு ஊற்றியதையே வாங்குங்கள்.

ஏழாம் படி: வயரிங்

நான்கு கம்பி வெளியே வரும் பிக்கப்பையே கேட்டு வாங்குங்கள். பின்னிய உறையோடு வரும் ஒற்றைக் கம்பி பார்க்க அழகு, ஆனால் இரண்டு காயிலையும் தனித்தனியாகக் கையாள வழியில்லை.

நான்கு கம்பி இருந்தால் காயில்களைத் தொடராகவும் இணைக்கலாம், பக்க இணைப்பாகவும் இணைக்கலாம், ஒன்றை மட்டும் பிரித்தும் எடுக்கலாம். பிரித்தெடுப்பதைத்தான் எல்லாரும் விரும்பிக் கேட்கிறார்கள். பிரித்த நிமிடமே அது ஒற்றைக் காயில், இரைச்சல் திரும்பி வந்துவிடும். எர்த் சரியில்லாத பழைய வீட்டு வயரிங்கில், பக்கத்தில் சோக் போட்ட டியூப் லைட் எரியும்போது வாசித்துப் பார்த்தால் புரியும். பக்க இணைப்பில் இண்டக்டன்ஸ் ஏறக்குறைய கால்வாசியாகக் குறைந்து குரல் பளிச்சென்று ஆகும், இரைச்சலும் வராது. சத்தம் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். நெக் பிக்கப்புக்கு நான் இதைத்தான் சிபாரிசு செய்கிறேன்.

வால்யூம், டோன் இரண்டுக்கும் 500 கிலோ ஓம் கன்ட்ரோல், டோனுக்கு 0.022 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். சாதாரணமாக 20 சதவீதம் முன்பின் இருக்கும் என்பதால், 500 என்று எழுதியது 400ஆகவும் இருக்கலாம் 600ஆகவும் இருக்கலாம். நான்கைந்து வாங்கி மீட்டரில் அளந்து, அதிகமாகக் காட்டுவதை மந்தமான பிக்கப்புக்கு வையுங்கள்.

கம்பி நிறங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சீமோர் டங்கனில் கறுப்பு ஒலிக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேரும். டிமார்சியோவில் சிவப்பு ஒலிக்கு, கறுப்பும் வெள்ளையும் சேரும். இரண்டிலும் பச்சையும் வெற்றுக் கம்பியும் எர்த்துக்கு. ஒரு நிறுவனத்தின் படத்தை வைத்து மற்றதைச் சால்டர் செய்தால் குழப்பமே மிஞ்சும்.

வேறு வேறு நிறுவனத்தின் பிக்கப்களை ஜோடி சேர்க்கிறீர்கள் என்றால், சால்டர் வைக்கும்முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை ஒலிக் கம்பியிலும் கறுப்பு முனையை எர்த்திலும் மாட்டுங்கள், 20 கிலோ ஓம் அளவில் வையுங்கள். எண் நிலையாக நிற்கட்டும். ஸ்க்ரூடிரைவரின் தட்டைப் பக்கத்தை இரண்டு வரிசையையும் தொடும்படி பிக்கப்பின் மேல் படுக்க வைத்துச் சட்டென்று இழுங்கள். எண் ஒரு கணம் துள்ளி மீண்டும் பழைய இடத்துக்கு வரும். 8.1ல் நின்றது மேலே துள்ளியதா, கீழே இறங்கியதா என்று மட்டும் கவனியுங்கள். மற்ற பிக்கப்பும் அதே பக்கம் துள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் அதன் ஒலிக் கம்பியையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள், வெற்றுக் கம்பி மட்டும் எர்த்திலேயே இருக்கட்டும். ஒற்றைக் கம்பி வகையென்றால் காந்தத்தைப் புரட்டிப் போட வேண்டும். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் லெஸ் பாலில் நெக் பிக்கப்பின் காந்தம் அப்படித் தலைகீழாக இருந்ததால்தான், நடுநிலையில் மூக்கால் பாடுவதுபோன்ற அந்தப் புகழ்பெற்ற ஒலி வந்தது. தெரிந்து செய்தால் அதுவும் ஒரு குரல்தான். தெரியாமல் வந்தால் ‘பிக்கப் கெட்டுப்போச்சு’ என்று அலைவோம்.

கடைசிப் படி: உயரம்

கிட்டார் கைக்கு வந்துவிட்டது. இங்கே அவசரப்படாதீர்கள். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிக்கும் திருகின் தலைக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். பிரிட்ஜில் 1.6 மி.மீ., நெக்கில் 2.4 மி.மீ. என்று நான் தொடங்குவேன், தடித்த தந்திப் பக்கம் இன்னும் சற்று இறக்கி. நெக்குக்கும் பிரிட்ஜுக்கும் மாறி மாறி ஒரே கார்டை வாசித்து, சத்தம் சமமாகும்வரை கால் திருப்பு, கால் திருப்பாகத் திருகுங்கள். ஒவ்வொரு திருப்புக்கும் பிறகு வாசியுங்கள். முதல் வாரம் காது பழகும்வரை பிக்கப்பைக் குறை சொல்ல வேண்டாம்.

எனக்கு நெக் பிக்கப் 3 மி.மீ.க்கு இறங்கிய பிறகுதான் ஆறு தந்தியும் தனித்தனியாகக் கேட்டன. பிறகு ஆறு திருகுகளில் ஜி தந்திக்குக் கீழே இருந்ததை மட்டும் அரைச் சுற்று இறக்கினேன், அது எப்போதும் முந்திக்கொண்டு ஒலித்தது. அந்த அளவுகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பின்பக்க மூடியின் உள்ளே ஒட்டி வைத்திருக்கிறேன்.